லயத்துக்குக் கொடுத்த நற்சான்று

பெண்கள் விடுதி கட்ட வந்திருந்த மூன்று டெண்டர்களில் காண்ட்ராக்டர் திரவியத்தின் உறையைப் பிரித்ததும் சங்கத் தலைவர் தாணுமாலயன் வாய்விட்டுச் சிரித்தார்.

"வே சிவதாணு, இதைப் பாரும். உம்ம கையெழுத்துல்லா!"

காண்ட்ராக்டர்கள் முன்பு கட்டிய கட்டடங்களுக்கு நற்சான்று வைக்க வேண்டும், அதை விசாரித்துச் சொல்வது செயலாளர் சிவதாணுவின் வேலை. அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 1948. கல்லாற்றுக்கு மேலே ஒரு சின்னத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பத்து வீட்டு லயம். 'நேரில் பார்வையிட்டேன். உறுதியான வேலை.' கீழே, எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது அவரே போட்ட கையெழுத்து.

"பின்னே விசாரிக்கதுக்கு என்ன இருக்கு? திரவியத்துக்கே கொடுத்திரலாம்" என்றார் தாணுமாலயன்.

 சிவதாணு அந்த லயத்தைப் பார்த்ததே இல்லை. அன்று நல்ல மழை. மேடேறிப் போகச் சோம்பல்பட்டு, திரவியம் நீட்டிய காகிதத்தில் நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே வேறு வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் வந்துவிட்டார்.

"ஒரு வாரம் பொறுங்க. போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றார்.

தம்பானூரில் பஸ் ஏறிக் கல்லாற்றில் இறங்கி மேலே நடந்தார். லயத்தில் ஆறு வீடுகள்தான் நின்றன. மற்ற நான்கு இருந்த இடத்தில் புல் முளைத்த மண்மேடு. விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் பெயர் எலிசாள்.

"கெட்டின ரெண்டாம் மழைக்கே விழுந்துட்டு ஐயா. வெளியே சுண்ணாம்பு, உள்ளே வெறும் சேறு. எங்க வீட்டுக்காரரு ராஜையன் காய்ச்சலா படுத்திருந்தாரு. பட்டப்பகல். நான் கொழுந்து கிள்ளப் போயிருந்தேன். ஆளுங்க மண்ணைத் தோண்டி எடுக்கும்போது மூச்சு இல்லை."

சிவதாணு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஆபீசுலேருந்து யாரோ பாத்து, நல்ல வீடுன்னு எழுதிக் குடுத்தாங்களாம்" என்றாள் எலிசாள்.

"அது நான்தான்" என்றார்.

அவள் தலையிலிருந்த விறகு சரிந்து விழுந்தது. அதை எடுக்கவும் அவள் குனியவில்லை.

"நீங்களா? எந்த வீட்டுக்குள்ள வந்து பாத்தீங்க ஐயா?"

"எந்த வீட்டுக்கும் வரலை அம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இருக்க முடியாமல் அவர் எழுந்து மலையிறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் எதையும் மறைக்காமல் சொன்னார். தாணுமாலயன் திரவியத்தின் டெண்டரை ஒதுக்கி வைத்தார். மற்ற இரண்டு பேர் கட்டியவற்றைக் கமிட்டியே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவதாணு நீட்டிய ராஜினாமாவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படியிறங்கியபோது வாசலில் திரவியம் நின்றுகொண்டிருந்தான்.

"சாரே, என்னைக் கொலைகாரன்னு சொன்னேராமே? அண்ணைக்கு வந்து பாக்கண்டாம்னு நானா சொன்னேன்? ஒரு ஆணியை வச்சுக் குத்தியிருந்தா சேறு தெரிஞ்சிருக்குமே. நீரு குடையைக்கூட எடுக்கலை."