ஜம்புலிங்கம் அடக்கிய நொதி

அந்தமானில், போர்ட் பிளேயரை ஒட்டிய டாலிகஞ்சில் குடியிருக்கும் ஜம்புலிங்கத்துக்கு ஐம்பத்து நான்காவது வயதில் வலது முழங்கால் வீங்கியது. போர்ட் பிளேயரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். அருப்புக்கோட்டையிலிருந்து தீவுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியும், மெயின்லேண்டில் காட்டினால்தான் ஒரு நோய்க்கு மரியாதை என்பது அவர் கொள்கை. எனவே லீவு போட்டுச் சென்னைக்குப் பறந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, மூட்டு டாக்டரை நான்கு நிமிடம் பார்த்தார்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். தேய்ந்த மூட்டில் ஒரு என்ஸைம், அதாவது நொதி, அளவுக்கு மீறி உருவாகிறது. வீக்கத்தையும் வலியையும் கிளப்புகிற ரசாயனங்களை அதுதான் தயாரிக்கிறது. இந்த மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகு தினம் ஒன்று, பத்து நாள் மட்டும். பிரஷரையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த விமானம் கடலைத் தாண்டுவதற்குள் பத்து நாளும் பிரஷரும் ஜம்புலிங்கத்தின் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டன. நொதி மட்டும் பத்திரமாகத் தரையிறங்கியது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் நாள் அவர் கைப்பிடியைத் தொடாமல் அலுவலக மாடிப்படி ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் கணக்குப் பிரிவு கௌதமிடம், "எல்லாம் ஒரு என்ஸைம் பண்ணுற வேலைப்பா. அதை அமுக்கிட்டா மனுஷனுக்கு வியாதியே கிடையாது" என்றார். கௌதம் தலையாட்டினான். அவனுடைய பதவி உயர்வு ஃபைல் அப்போது ஜம்புலிங்கத்தின் மேசையில் இருந்தது.

அதன் பிறகு அந்த அலுவலகத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் காரணம் ஒன்றுதான். கௌதமின் தலைவலி, டிரைவர் ரவிக்குமாரின் இடுப்புவலி, டைரக்டரின் பல்வலி எல்லாமே நொதியின் கைவரிசை. ஃபைல்கள் இருக்க வேண்டிய மேசை டிராயரில் மாத்திரை அட்டைகள் குடியேறின. மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை. ஜம்புலிங்கத்தின் முகமே சீட்டு. டைரக்டர் அவரை "டாக்டர் சாப்" என்று ஹிந்தியில் கூப்பிட ஆரம்பித்தார். "அரே, நஹி சார்" என்று ஜம்புலிங்கம் கூச்சத்தோடு மறுப்பார். அப்படி மறுப்பதற்காகவே டைரக்டரின் அறைக்கு ஒரு நாளில் மூன்று முறை போனார்.

வீட்டில் மட்டும் அவருக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. மனைவி வைஜெயந்தி சென்னைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பத்து நாள்னுதானே எழுதியிருக்கு? பத்து மாசம் ஆச்சு."

"அது மெயின்லேண்ட் கணக்கு. இங்க கடல் காத்து, ஈரம். என்ஸைம் ஜாஸ்தியா ஊறும்."

"இது எந்த டாக்டர் சொன்னது?"

அவர் மாத்திரையை விழுங்கினார்.

அலுவலக கேட்டுக்கு எதிரே ரெங்கம்மாவின் டீக்கடை. அவளுடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவளும் அங்கே பால் வெட்டியவள்தான். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயருக்கு வந்து, தனி ஆளாகக் கடை நடத்துகிறாள். அவளும் ஒரு நாள் கேட்டாள்.

"சார், எனக்கும் ரெண்டு முட்டியும் வலிக்குதுங்க. நின்னுக்கிட்டே வேல."

"எத்தனை நாளா?"

"கச்சால்ல ரப்பர் வெட்டுன காலத்துல இருந்தே இருக்குதுங்க."

"அப்போ உன் என்ஸைம் பழசு. ரெண்டு வேளை போடு."

கப்பல் தாமதமாகி அந்த மாத்திரை கிடைக்காமல் போன ஒரு மாதத்தில், மருந்துக்கடைக்காரர் கொடுத்த வேறொரு வலி மாத்திரையை அவளுக்கு வாங்கித் தந்தார். எல்லாம் ஒரே குடும்பம்தான் என்று தைரியமும் சொன்னார். ரெங்கம்மா அதன் பிறகும் அதையே காலையில் வெறும் டீயோடு ஒன்று, சாயங்காலம் வெறும் டீயோடு ஒன்று என்று ஒரு நாளும் தவறாமல் போட்டாள்.

ஜம்புலிங்கத்தின் புகழ் தமிழ்ச் சங்கம் வரை போயிற்று. செயலாளர் முத்துகிருஷ்ணன் வந்து பேச அழைத்தார். "தலைப்புல என்ஸைம்னு போட முடியாது. நொதின்னு போடுறேன். தமிழ்ச் சங்கம் பாருங்க" என்றார். இந்த ஒரு சொல்லுக்காக நிர்வாகக் குழு இரண்டு முறை கூடியது. பேச வருகிறவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்ப்பதற்காக ஒரு முறையும் கூடவில்லை.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஜம்புலிங்கத்தின் கால் ஷூவுக்குள் நுழையவில்லை. கணுக்கால்கள் இரண்டும் மழமழவென்று வீங்கியிருந்தன, முகமும் உப்பியிருந்தது. வைஜெயந்தி பதறினாள். அவரோ ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு மேடை ஏறினார்.

நாற்பது நிமிடம் பேசினார். கடைசி பத்து நிமிடம் மூச்சு வாங்கியது. பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டி, "நண்பர்களே, பாருங்கள். தோற்கப்போகிற நொதியின் கடைசி எதிர்ப்பு இது!" என்றார். பலத்த கைதட்டல். நாற்காலியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று முன்வரிசையிலிருந்து வைஜெயந்தி கத்தினாள்.

"தோ மினிட் மேடம், ரெண்டே நிமிஷம்" என்றார் முத்துகிருஷ்ணன். பொன்னாடை போர்த்தாமல் ஒருவரை அனுப்பினால் சங்கத்துக்கு அசிங்கம். போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், நன்றியுரையும் முடிந்தது. அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷோபனா பிரஷரைப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், அந்த என்ஸைம் உங்க முட்டியில மட்டும் இருக்கிற ஆள் இல்ல. கிட்னிக்கு ரத்தம் ஒழுங்கா போறதுக்கு அது வேணும். உப்பும் தண்ணியும் வெளியேறவும் அது வேணும். நீங்க மாசக்கணக்குல அதை அமுக்கியிருக்கீங்க. தண்ணி எங்க போகும்? கால்ல நிக்குது. கிட்னி பாதி வேலைதான் செய்யுது."

ஜம்புலிங்கம் வீங்கிய காலைப் பார்த்தார்.

"அப்போ அது நல்ல என்ஸைமா, கெட்ட என்ஸைமா மேடம்?"

"அது என்ஸைம் சார்" என்றார் ஷோபனா. "வயித்து உள்தோலைக் காப்பாத்துறதுக்கு அதோட கூடப்பிறந்தது ஒண்ணு இருக்கு. நிறைய வலி மாத்திரைங்க அதையும் சேர்த்து அமுக்கும். அப்புறம் வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். அந்த வரைக்கும் நீங்க போகல, அதிர்ஷ்டம்."

பதினோரு நாள் படுக்கையில் இருந்தார். வீக்கம் வடிந்தது, கிட்னியும் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் ராத்திரியும் பகலும் அவர் மனத்தில் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டைகள்தான் ஓடின. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அலுவலகம் வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"நான் குடுத்த மாத்திரையை உடனே நிறுத்துங்க. எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

யாரும் பதறவில்லை. கௌதம் தன் டிராயரைத் திறந்தான். பிரிக்காத அட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ரவிக்குமார் ஜீப்பின் முன்பெட்டியிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தான். டைரக்டர் தன்னுடையதைப் பேப்பர் பறக்காமல் வைக்கப் பயன்படுத்தியிருந்தார்.

"ஒருத்தரும் போடலையா?"

"இல்ல சார்" என்றான் கௌதம். "வாங்கலேன்னா ஃபைல் நகராதே."

நிம்மதி வர வேண்டிய இடத்தில் ஜம்புலிங்கத்துக்குக் காது சிவந்தது. ஒரு வருடமாக அத்தனை பேரும் தலையாட்டியது மேசைக்குத்தான், தனக்கு இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். டீக்கடை சாத்தியிருந்தது.

"மூணு நாளா தொறக்கல சார்" என்றான் ரவிக்குமார்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ரெங்கம்மா பாயில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வெளிக்கி கறுப்பு கறுப்பா போகுதுங்க சார். தலை சுத்துது. ஆனா மாத்திரைய நிப்பாட்டலீங்க. நீங்க சொன்னாப்பல ரெண்டு வேளையும் போட்டுட்டேன்."

அவர் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, "பையா, ஜல்தி சலோ" என்று டிரைவரை விரட்டினார். ஆஸ்பத்திரியில் ஷோபனா அவளைச் சோதித்துவிட்டுக் கேட்டார்.

"இதை யார் எழுதிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. நானே கடையில வாங்குனேன்" என்றாள் ரெங்கம்மா. கண்கள் ஒரு கணம் ஜம்புலிங்கத்தின் பக்கம் போய்த் திரும்பின. சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் சும்மா இருக்கத்தான் நினைத்தார். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்ல மேடம். நான்தான் குடுத்தேன்."

"நீங்க என்ன டாக்டரா?"

"ஹெட் கிளார்க்" என்றார்.

வார்டில் யாரோ சிரித்தார்கள். ஷோபனா சிரிக்கவில்லை. "ரத்தம் ஏத்தணும். ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஜம்புலிங்கத்தின் ரத்தத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். கௌதமும் ரவிக்குமாரும் வந்து கொடுத்தார்கள். எந்த ஃபைலையும் கேட்காமல்தான் கொடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ரெங்கம்மா கடை திறந்தாள். முதல் டீயை ஜம்புலிங்கத்துக்குத்தான் ஆற்றினாள்.

"வயிறு சுகமாயிடுச்சுங்க. முட்டி மட்டும் இன்னும் வலிக்குது. என்ன போடலாம் சார்?"

"ஷோபனா மேடத்தைக் கேளு."

"அவங்க ஒக்காந்து கால நீட்டி மடக்கச் சொல்றாங்க. மருந்தா அது?"

"அதான் மருந்துன்னா செய்."

ரெங்கம்மாவின் முகம் வாடியது. பெரிய மனிதர் ஏதோ தெரிந்தும் சொல்ல மறுக்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மறுவாரம் கடைப் பலகையில் கறுப்பாக ஒரு பாட்டில் நின்றது. வண்டூர்ப் படகுக்காரர் ஒருவர் தந்த, நோனி என்கிற காட்டுப் பழத்தின் சாறு. முட்டிக்கு ரொம்ப நல்லதாம்.

"குடிக்காத" என்றார் ஜம்புலிங்கம்.

"ஏங்க? கெடுதலா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இத்தனை வருட அலுவலக வாழ்க்கையில் அவர் சொல்லிப் பழகாத ஒரு வாக்கியம் அது.

"எனக்குத் தெரியாது ரெங்கம்மா."

"போங்க சார், வெளையாடாதீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை டாக்டர் ஷோபனாவின் டோக்கன் வரிசையில் ரெங்கம்மாவுக்காக அவரே போய் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, தோள்பட்டையில் ஒரே குடைச்சல், எதனால் வருகிறதென்றே தெரியவில்லை என்று ஆரம்பித்தார். ஜம்புலிங்கம் நியூஸ்பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.