பின்னந்தலை விளக்கு

பொன்னுசாமி சாக்கு மூட்டையை வாசல்படியில் இறக்கியபோது உள்ளே இருந்த ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று மோதித் தேங்காய் மூட்டை போலச் சத்தம் போட்டன. திரைச்சீலைக்கு உள்பக்கம் பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த வஜிஹா நிமிரவில்லை. அவள் இத்தாவில், புருஷனை இழந்தவள் அனுசரிக்கிற தனிமையில், இருக்கிறவள். புருஷன் தஸ்தகீர் மௌத்தாகி அன்றைக்கு எழுபத்தோரு நாள். நாலு மாதம் பத்து நாள் முடிகிறவரை படி தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. பொன்னுசாமி பாலக்கோட்டுக்காரர், தஸ்தகீரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். இந்த வழக்கமெல்லாம் அவருக்குப் புதிது. முதல் தடவை வந்தபோது நேராக உள்ளே நுழையப் பார்த்தார். மகள் ஸோயா ஓடிவந்து மறித்ததும், செருப்போடு வந்ததற்குத்தான் திட்டுகிறாள் போல என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் நுழையப் பார்த்தார். இப்போது தேறிவிட்டார். திரைக்கு முன்னால் நின்று, ஃபோனில் பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நான் பொன்னுசாமி பேசறன்மா. பாய் தலையில போட்டுக்கினு வருவாரே, சோலார் லைட்டு ஹெல்மெட்டு, அதே மாதிரி எங்க ஆளுங்களுக்கு ஏழு செஞ்சி குடுக்கணும். கம்பெனில தேதி முடிஞ்சி கழிச்சிப் போட்ட ஹெல்மெட்டுதான். லைட்டு, பேட்டரி எல்லாம் வாங்கியாந்துட்டோம். உனுக்கும் பொழுது போவும்."

பொழுது போகும் என்றதில் ஸோயாவுக்குச் சுருக்கென்றது. வஜிஹாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுபத்தோரு நாளாகவே அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடக்கத்துக்கு ஜனாஸா எடுத்த அன்றைக்கும் அழவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முதல் வாரம் பாவம் என்றார்கள்; மூன்றாவது வாரத்தில், கல்லுக் கணக்காக உட்கார்ந்திருக்கிறாளே என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்தார்கள். காதில் விழத்தான் செய்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

"வெச்சிட்டுப் போகச் சொல்லு" என்றாள் ஸோயாவிடம், அந்த மனிதர் மூன்றடி தூரத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும்.

"பாயோட ஹெல்மெட்டையும் ஸ்டேஷன்ல கேட்டு வாங்கியாந்தன்மா. சைக்கிளு கேசு முடிஞ்சாத்தான் குடுப்பாங்களாம். ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆவல. அதப் பாத்து செஞ்சீங்கன்னா சுளுவா இருக்கும்."

செய்வதற்கு அவளுக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் இருப்பது சிப்காட்டில் ஒரு ஒயரிங் லைனில். பைக்குகளுக்கான ஒயர்களைப் பலகையில் வரிசையாக இழுத்து, முனையில் உலோகப் பின் அடித்து, டேப் சுற்றி அனுப்புகிற வேலை. எத்தனையோ லட்சம் வண்டிகளின் பின்விளக்கு அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. ஒன்றுகூட எரிந்து அவள் பார்த்ததில்லை. விளக்கு மாட்டுவது வேறு கம்பெனியில். தஸ்தகீர் இதைச் சொல்லியே அவளை வம்புக்கு இழுப்பார். "ஊர்ல ஓடற வண்டிக்கெல்லாம் லைட்டு குடுக்கறவ, கட்டுன புருஷன் சைக்கிளுக்கு ஒரு லைட்டு குடுக்க மாட்டேங்கறா." மூக்கண்டப்பள்ளியிலிருந்து அவருடைய வார்ப்புக் கம்பெனிக்கு சைக்கிளில் அரை மணி. முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. மார்கழியில் ஓசூர்ப் பனி இறங்கிவிட்டால் சர்வீஸ் ரோட்டில் நீட்டின கை தெரியாது. கண்டெய்னர் வண்டிகள் அதற்காக மெதுவாகப் போவதும் கிடையாது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக் கடைகளுக்குப் போனார்கள். தஸ்தகீர் தன் அரைகுறைக் கன்னடத்தில் கடைக்காரரிடம் பேசப் பேச, அவர் சிரித்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னார். உள்ளங்கை அகல சோலார் தகடு, சார்ஜ் ஏற்றுகிற சின்ன போர்டு, பேட்டரி, சிவப்பு விளக்குப் பட்டை, ஒரு சுவிட்ச். பேட்டரியில் முழுக்க சார்ஜ் ஏற்றியே கொடுத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை தகடு அவருடைய மஞ்சள் கம்பெனி ஹெல்மெட்டின் உச்சியில் உட்கார்ந்தது, விளக்குப் பட்டை பின்னந்தலையில். போர்டையும் பேட்டரியையும் மழைக்குப் பயந்து கறுப்பு டேப்பால் சுற்றி உள்ளே ஒட்டினாள். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது. தன் கையால் செய்த ஒன்று எரிவதை முதல்முதலாகப் பார்த்தபோது வஜிஹாவுக்கு வந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது யாருக்கோ வந்த வெட்கம் மாதிரி இருக்கிறது. கம்பெனியில் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஷிஃப்ட் நேரம் முழுக்க ஹெல்மெட் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கி வெயில் குடிக்கும் என்பது ஏற்பாடு.

பின்னந்தலை விளக்கில் ஒரு தொல்லை உண்டு. போட்டிருக்கிறவனுக்கு அது எரிகிறதா என்று தெரியாது. அதனால் தினமும் விடிகாலை ஐந்தே காலுக்கு வாசலில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, "எரியுதா?" என்று கேட்பார். அவள் பார்த்து, "எரியுது" என்பாள். முதல் வாரம் வாசல் வரை வந்து பார்த்தாள். பிறகு அடுப்படி நிலையில் நின்றபடி. அன்றைக்கு, இருபத்து மூன்றாவது நாள், கல்லில் சப்பாத்தி கருகிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே "எரியுது" என்றாள். ஆறே காலுக்கு ஃபோன் வந்தது. பின்னால் வந்து இடித்த வண்டி எது என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரே ஒரு நாள்தான் பார்க்காமல் சொன்னது என்பது அவளுடைய கணக்கு. மற்ற இருபத்திரண்டு நாளும் எரிந்த விளக்கு அன்றைக்கு மட்டும் எரியாமல் போயிருக்குமா என்ன என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், தொழுதாள், பூண்டு உரித்தாள்.

மூட்டை வந்த மறுநாள் ஸோயா பாலிடெக்னிக் போன பிறகு பழைய ஹெல்மெட்டை மடியில் வைத்து டேப்பைப் பிரித்தாள். பிரித்து முடிப்பதற்குள்ளேயே கண்ணில் பட்டுவிட்டது. தகட்டிலிருந்து வருவது இரண்டு ஒயர், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பை போர்டின் பிளஸ்ஸில் வைத்துப் பற்றவைத்திருந்தாள். அவளுடைய லைனில் கறுப்பு ஒயரில்தான் கரண்ட் ஓடும். எர்த் என்றால் பச்சை. பன்னிரண்டு வருஷமாகக் கறுப்பைக் கண்டால் கை தானாகப் பிளஸ்ஸுக்குப் போகும். ஊரில் மற்ற எல்லாருக்கும் கறுப்பு மைனஸ். தகட்டின் முதுகிலேயே பொடி எழுத்தில் அடையாளம் போட்டிருந்தார்கள். வேலை தெரியாதவள் யாராவது செய்திருந்தால் அதைப் படித்துப் பார்த்து ஒழுங்காகச் செய்திருப்பாள்.

அப்படியென்றால் அந்தத் தகடு ஒரு நாளும் சார்ஜ் ஏற்றவில்லை. வெயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஏற்றிக்கொடுத்த சார்ஜில்தான் விளக்கு ஓடியிருக்கிறது. தினமும் அரை மணி. கம்பெனி வாசலில் மறக்காமல் சுவிட்சை அணைத்திருந்தால் இருபத்து மூன்று நாள் தாங்கியிருக்கலாம். மறந்திருந்தால் தாங்கியிருக்காது. அவர் மறதிக்காரர்தான், ஆனால் இவள் செய்து கொடுத்த பொருள், அதை மறப்பாரா என்றும் தோன்றியது. விளக்கு அன்றைக்கு எரிந்ததா என்பது தினமும் அவருக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிற ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் பொன்னுசாமி.

ஆறு நாளில் ஏழையும் முடித்தாள். கறுப்பு மைனஸ், வெள்ளை பிளஸ் என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்தாள். இந்தத் தடவை முன்விளிம்பில், போட்டிருக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு பொட்டு விளக்கும் வைத்தாள். பின்னால் எரிந்தால்தான் அதுவும் எரியும். யாரையும் கேட்க வேண்டாம். கை சொன்னபடி கேட்டது. இந்த யோசனை ஏன் முதலிலேயே வரவில்லை என்று ஒரு தடவை நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த ஒயரை எடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் பொன்னுசாமி வந்தார். ஸோயா மூட்டையை வெளியே நகர்த்திவைத்து, பொட்டு விளக்கின் விவரத்தைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தலையில் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. வஜிஹா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். துணிக்கு அந்தப் பக்கம் அவர் நிழல் ஹெல்மெட்டோடு தெரிந்தது.

"அண்ணே" என்றாள். ஸோயா வழியாக இல்லாமல் அவளே பேசியதும் நிழல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது.

"சொல்லுமா."

"அன்னிக்கி அவரு பின்னாடி லைட்டு எரிஞ்சுதா?"

வெளியே தெருவில் தண்ணீர் வண்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனான்.

"அன்னிக்கி நான் ஷிஃப்டுக்குப் போவலமா. சம்சாரத்துக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில இருந்தன். அது தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளா எரியல."

ஸோயா அவரைப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தெனமும் பின்னாலதான வர்றன். பாத்தன். பனிக்காலம், வெயிலு கம்மி, பாய் சார்ஜ மிச்சம் புடிக்கறாரு போல, அவரே ஆஃப் பண்ணிட்டு வர்றாருன்னு நெனச்சன். டீ குடிக்கறப்ப கேக்கலாம்னு இருந்தன். டீ வந்தா வேற பேச்சு. இப்பிடியே போயிடுச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆச்சு. அதச் சொல்லத்தான் போன தடவையே வந்தன். வாய் வர்ல. ஹெல்மெட்டு வேணும்னு சொல்லிட்டுப் போயிட்டன்."

நாலஞ்சு நாள். வஜிஹா அந்த நாட்களைத் தேடிப் போனாள். வியாழன், வெள்ளி, சனி, திங்கள். சனிக்கிழமை ஸோயாவுக்குப் பரீட்சை, டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அந்த அடுப்பு, அந்தப் பால், சப்பாத்திக் கல் எல்லாம் துல்லியமாக ஞாபகம் வந்தன. வாசலில் நின்ற அவருடைய முதுகு மட்டும் எந்த நாளிலும் வரவில்லை. இத்தனை நாளில் யாராவது கேட்டிருந்தால், திரும்பிப் பார்த்ததாகக் குர்ஆன் மேல் சத்தியம் செய்திருப்பாள்.

"நான் எரியுதுன்னு சொன்னேன்ணே" என்றாள். குரல் மளிகைக் கடையில் சாமான் சொல்கிற குரல்போலவே இருந்தது. "டெய்லி கேப்பாரு. டெய்லி எரியுதுன்னு சொன்னேன். பாக்காமயே சொல்லியிருக்கேன்."

திரையைப் பிடித்திருந்த ஸோயாவின் கை கீழே இறங்கியது. அத்தாவின் விளக்கைப் பற்றி அவளிடம் இத்தனை நாளில் யாரும் பேசியதில்லை. பொன்னுசாமி ஏழு ஹெல்மெட்டையும் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகச் சாக்கில் வைத்து, வாயைக் கட்டினார்.

"திங்கக்கெழமைலருந்து போட்டுக்கறோம்மா" என்றார் கடைசியில்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் வஜிஹா.

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பழைய ஹெல்மெட் அலமாரிக்கு அடியில் பிரித்தபடியே கிடந்தது. வஜிஹா அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பற்றவைப்புக் கோல் சூடாகிறவரை காத்திருந்தாள். கறுப்பை எடுத்து மைனஸில் வைத்தாள், வெள்ளையைப் பிளஸ்ஸில். இரண்டு நிமிஷ வேலை. மூன்று மணிக்கு மேல் அந்த வீட்டு ஜன்னலில் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழும். ஜன்னல் கட்டையில் ஹெல்மெட்டைத் தகடு வெயிலில் படும்படி வைத்தாள். போர்டு இந்தத் தடவை டேப் இல்லாமல் வெளியே தொங்கியது. அதன் மூலையில், கடுகளவு, ஒரு சிவப்பு விளக்கு பட்டென்று பிடித்துக்கொண்டது. சார்ஜ் ஏறுகிறது என்று சொல்கிற விளக்கு. அப்படி ஒன்று அதில் இருப்பதே டேப் சுற்றிய அவளுக்கு இதுவரை தெரியாது.

அவள் உள்ளங்கையால் தகட்டை மூடினாள். கடுகு அணைந்தது. கையை எடுத்தாள், எரிந்தது. ஸோயா வந்து பக்கத்தில் நின்றதை அவள் பார்க்கவில்லை. மறுபடியும் மூடினாள், எடுத்தாள். ஜன்னல் கட்டையை விட்டு வெயில் இறங்குகிறவரை அப்படியே மூடிக்கொண்டும் எடுத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தாள்.