மரத்தூள் நிரப்பிய சுவர்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. ரெங்கம் என்ற ரப்பர் தோட்ட ஊரின் மாதா கோயில் திருவிழாவில், முன்பின் தெரியாத ஓர் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "எங்க பழைய வீட்டுச் சுவருக்குள்ள மரத்தூள் இருந்துச்சு." நான் திரும்புவதற்குள் கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுவருக்குள் மரத்தூளா? அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. கீழே வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டில், கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்கள் சூழ்ந்த அந்தச் சிற்றூரின்—

வேண்டாம். ரப்பர் மரத்தை வாசகர் பார்த்திருப்பார்.

இரண்டாவது தொடக்கம்: கெர்ட்ரூட்டின் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

இது போதும். அந்த வாடகை வீட்டுக்கு நாலு பக்கமும் தகரச் சுவர். மத்தியானமானால் தொட முடியாது. கைக்குழந்தை ஐலீனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தொண்டை கட்டும்வரை அழும். கெர்ட்ரூட் ஈரத்துணியால் அதைத் துடைத்துத் துடைத்தே பொழுதைக் கழித்தாள்.

ஆனால் அவள் கணவன் அமலதாஸ் கோயில் தெருவில் மனை வாங்கியிருந்தான். வீடு கட்டப் போகிறார்கள். அந்த நினைப்பு வந்தாலே, துணியைப் பிழியும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

3

சிக்கல் வெளிச்சுவரில் வந்தது. அமலதாஸுக்குச் செங்கல்தான் வேண்டும். கையிருப்போ தெருவைப் பார்க்கும் முன்சுவருக்கு மட்டுமே செங்கல் தரும். மற்ற மூன்று பக்கமும் தகரம் அடித்துக்கொள்ளலாம் என்றான்.

(முதல் வரைவில் இவனை வெறும் வீம்புக்காரனாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது ஆள் உயிரோடு இல்லை. தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன், ரயில் நிலையத்தில் சரக்குக் கிளார்க் ஆகியிருக்கிறான்; ஊர் வாயில் 'கிராணி'. "செங்கல் வீட்டுக்காரர்" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க ஆசைப்படுவது ஒரு குற்றமா?)

"தெருவுல போறவங்களுக்கு முன்சுவர் தெரியும்ங்க. உள்ள கிடக்கிற புள்ளைக்கு எந்தச் சுவர் தெரியும்?" என்றாள் கெர்ட்ரூட்.



4

ஒருநாள் கெர்ட்ரூட் ரயில் நிலையத்துக்கு அவனுக்குச் சோறு கொண்டு போனபோது, சரக்கு மேடையில் ஒரு சாக்குமூட்டை இருந்தது. சிங்கப்பூரிலிருந்து தோட்டத்துத் துரை வீட்டுக்கு வந்த ஐஸ். மூட்டையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். மரத்தூள். அதற்குள் கட்டி கரையாமல் பளபளத்தது. அத்தனை தூரம் வெயிலில் ரயிலேறி வந்த ஐஸ்!

சோற்றுப் பாத்திரத்தைக் கொடுக்க மறந்து, நேராகச் சீனத் தச்சர் ஆ சோங்கின் பட்டறைக்குப் போனாள். உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை, நடுவில் மரத்தூள். இப்படிச் சுவர் கட்ட முடியுமா என்று மூச்சு வாங்கக் கேட்டாள். ஆ சோங் கொஞ்சம் யோசித்தார். "போலே லா," என்றார் மலாயில்; முடியும் என்று.

5

அமலதாஸ் நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கெர்ட்ரூட் சொன்னதும் அவனுக்கும் சூடு பிடித்துக்கொண்டது. தகரத்தில் ஒரு பெட்டி, இரட்டைப் பலகையில் மரத்தூள் அடைத்து ஒரு பெட்டி. செங்கல் பெட்டியை அவனே சாந்து குழைத்துக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்றிலும் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஐஸை ஒரே அளவு வைத்து மூடி, மனையில் வெயிலில் வைத்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டிய கூட்டமெல்லாம் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

(இங்கே பலகைப் பெட்டியில் ஐஸ் அப்படியே இருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். வெயில் வெயில்தான்.)

மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தபோது வெந்நீர்தான் இருந்தது. செங்கல் பெட்டியில் கையகலத் துண்டு. பலகைப் பெட்டியில் பாதிக்கு மேல் நின்றது. கெர்ட்ரூட் அதை இரு கையாலும் தூக்கிக் காட்டினாள், கூட்டம் கைதட்டியது.

"மரத்தூள்ல கரையான் வரும்," என்றான் அமலதாஸ். நியாயமான பயம்தான். சுண்ணாம்பு கலந்து அடைத்து, வீட்டைக் கல்தூண்மேல் தூக்கிக் கட்டுவதாக ஆ சோங் சொன்னார். அமலதாஸ் தான் கட்டிய பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை மனையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய மரத்தூள். மர ஆலையில் சொல்லி அனுப்பியவர் யார் என்று கெர்ட்ரூட் வண்டிக்காரரைக் கேட்டாள். "ஸ்டேசன் கிராணிதாம்மா," என்றார் அவர்.

6

ஆ சோங் பலகை அடிக்க அடிக்க, புருஷனும் பெண்டாட்டியும் இடைவெளியில் தூளைக் கொட்டிக் கோலால் இடித்தார்கள். புருவமெல்லாம் சுண்ணாம்பு. அவள் தும்மினாள், அவன் சிரித்தான். அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று.

குடிபோன அன்று மத்தியானம் அமலதாஸ் சீக்கிரமே வந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. ஐலீன் தொட்டிலில் தூங்கினாள், அழாமல். அவன் மேற்குச் சுவரின் உள்பக்கம் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. கெர்ட்ரூட் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் என்ன சொன்னான்? மூன்று எழுதினேன்:

"நீ சொன்னதுதான் சரி." இந்த ஆள் அப்படிச் சொல்கிறவனா?

"அடுத்த வருசம் கரையான் வந்தா அப்ப பேசிக்கலாம்." இது அவன் பேச்சுதான். ஆனால் கை இன்னும் சுவரில் இருக்கிறதே.

ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் தரையில் படுத்து—

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. அவன் வாய் திறந்தாயிற்று; நீங்களே சொல்ல வையுங்கள். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லட்டும். குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கிறாள்.