ரூடினா ஓட்டும் திரானா வண்டி

சப்ரியை அடக்கம் செய்த மண்ணின் ஈரம் காய்வதற்குள் அவருடைய வேனை விற்கும் பேச்சு எழுந்துவிட்டது. பெஷ்கோபி என்ற அந்த மலையூரில் அந்த வெள்ளை வேனைத் தெரியாதவர் இல்லை. தினமும் விடிந்ததும் ஆளேற்றிக்கொண்டு மலையிறங்கித் தலைநகர் திரானாவுக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். அந்த வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது.

சப்ரியின் தம்பி பெசிம்தான் ஆரம்பித்தான்.

"விலை போகும்போதே தள்ளிடலாம் அண்ணி. ரூடினாவ இத்தாலிக்கு, அவ அத்தைகிட்ட அனுப்பிடுவோம். அங்க ஒரு வேலை கிடைக்காமலா போயிடும்?"

சப்ரியின் மனைவி நாஜியே கறுப்பு முக்காட்டுக்குள் தலைகுனிந்திருந்தாள். காபி கொண்டுவந்த மூத்த மகள் ரூடினாதான் பதில் சொன்னாள்.

"வேனும் எங்கயும் போகாது, நானும் போகமாட்டேன் சித்தப்பா. நானே ஓட்டறேன்."

"நீயா? அத்தனை ஆம்பளைங்க நடுவுலயா?"

"அப்பாவ ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா? நீங்களா?"

பெசிம் காபியை ஊதி ஊதிக் குடித்தான்.

சப்ரிக்கு வயிற்றில் புற்றுநோய். சிகிச்சைக்குத் திரானா போகவேண்டும். ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனதும் பக்கத்து இருக்கையில் தலையணையை அணைத்தபடி அவர் உட்கார, ரூடினா ஓட்டினாள். சின்னக் குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடிப்பார். எந்த வளைவில் எப்போது வேகம் குறைத்தால் வண்டி அலுங்காது, எந்தப் பாலத்தில் தார் பெயர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே அவள் படித்தாள். கடைசி மாதங்களில் மலையிறங்கி முடிக்கும்வரை அவர் தூங்குவார். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஆளேற்றி ஓட்டும் லைசென்ஸ் வாங்கி அவள் ஸ்டாண்டுக்கு வந்தாள். யாரும் சண்டை போடவில்லை; சிரித்தார்கள், அவ்வளவுதான். ஸ்டாண்டில் "திரானா, திரானா" என்று கூவி ஆள் பிடித்துக் கொடுக்கிற ரமிஸ், அவள் வண்டிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. தானாக ஏற வந்தவர்களையும் கையைப் பிடித்து ஹக்கியின் வண்டிக்குத் திருப்பினான். ஹக்கி, சப்ரியோடு ஒரே மேசையில் ராக்கிச் சாராயம் குடித்த சிநேகிதர்.

"மாமா, நீங்களுமா?" என்று ரூடினா கேட்டாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. பனி விழ ஆரம்பிச்சா நீயே சாவியக் கொடுத்துடுவ."

பாதி காலியாகவே போய்வந்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் தங்கை மிரேலா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், அம்மாவிடம் சொல்லியும்விட்டாள்.

மறுநாள் காலை ரூடினா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டாண்டில் ஒரு பெண்குரல் கேட்டது.

"திரானா! திரானா!"

துணியோடு திரும்பிப் பார்த்தாள். நாஜியே நின்றிருந்தாள். வாசலுக்கு வரும் பால்காரனிடம்கூட மகளை விட்டுப் பேசச் சொல்கிற நாஜியே. குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

"திரானா! சப்ரியோட வண்டி! என் பொண்ணு ஓட்டுற வண்டி!"

பக்கத்துக் காபிக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹக்கி ஓடிவந்தார்.

"அண்ணி, இது என்ன கோலம்? துக்கத்துல இருக்கறவங்க… வீட்டுக்குப் போங்க."

"துக்கம் எனக்கு இருக்கு ஹக்கி. என் பிள்ளைங்களுக்குப் பசியும் இருக்கு." இதைச் சொன்னதும் அவள் நடுக்கம் போய்விட்டது. "உன் சிநேகிதன் வயித்துல கத்தி சொருகின மாதிரி வலியோட கிடந்தாரு. இவ ஓட்டினா தூங்குவாரு. உன் வண்டியில ஏறினா நல்லா இருக்கறவனுக்கே குடல் வாய்க்கு வருது!"

கடைக்குள் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். ஹக்கியின் வண்டியில் உட்கார்ந்திருந்த ஷெஃப்கி மெல்ல இறங்கினான். குரோமியச் சுரங்கத்தில் முதுகில் அடிபட்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவன்.

"எங்கடா போற?" என்றான் ரமிஸ்.

"என் முதுகு உடைஞ்சு கிடக்கு. ஆம்பளையா பொம்பளையானு பார்க்கிற தெம்பு அதுக்கு இல்ல."

அவன் ரூடினாவின் பக்கத்து இருக்கையில் ஏறினான். பின்னாலேயே ஒரு கர்ப்பிணியும் அவள் கணவனும் வந்தார்கள். நாஜியே அடுத்த குரல் கொடுத்தாள். இப்போது அதில் ஒரு ராகமே வந்திருந்தது. வண்டி நிறைந்தது.

மலையிறங்கி முடித்தபின் ஷெஃப்கி முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமையும் எனக்கு இடம் வச்சிரு தங்கச்சி" என்றான்.

குளிர்காலம் வந்தது, பனி விழுந்தது, சாவி அவளிடமே இருந்தது. பிரசவத்துக்குப் போகிறவர்கள், தையல் போட்டவர்கள், வலியோடு போகிறவர்கள் எல்லாரும் முதல்நாளே போன் செய்து இடம் பிடித்தார்கள். மிரேலாவும் தம்பி எர்மாலும் படிப்பை விடவில்லை. ஹக்கி ஒருநாள் தன் மனைவியைக் கூட்டிவந்து, தரையைப் பார்த்தபடி, "பித்தப்பை ஆபரேஷன். பார்த்து ஓட்டும்மா" என்றார். ரூடினா முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தாள்.

ஆள் பிடிக்க யாரும் கூவ வேண்டாம் என்றான பிறகும் நாஜியே வருவதை நிறுத்தவில்லை. கறுப்புச் சட்டைமேல் எர்மாலின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ரமிஸையே மிஞ்சுகிற குரலில் கூவினாள்.

வெளியூர்க்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, காதைத் தேய்த்துக்கொண்டார்.

"யாரும்மா அது, இப்படிக் கத்துறது?"

"எங்கம்மா" என்றாள் ரூடினா. அவள் கியரைப் போட்டாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது.