இரண்டு சிப்பாய், ஒரு கொடி

காசைத் துணியால் துடைத்து லிங்கசாமியின் உள்ளங்கையில் வைத்தாள் சுகந்தி. ஒட்டிய மண் இளகட்டுமென்று போன மழைக்காலத்திலிருந்து ஆலிவ் எண்ணெயில் ஊறிக் கிடந்த ரோமாபுரிக் காசு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். படுத்தபடியே அதைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் நீட்டினார். சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பறித்த பிறகு, காசில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்வது அவள்தான்.

"என்ன தெரியுது சுகந்தி?"

ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ராஜா தலையுமில்லை, எழுத்துமில்லை. கஞ்சிகூட உள்ளே இறங்காத மனுஷர், தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கிக் காத்திருந்தார்.

"ரெண்டு சிப்பாய் நிக்கறாங்க. நடுவுல கொடி."

"கொடி ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுங்க."

"அப்ப கான்ஸ்டன்டைன் ராஜாவோட கடைசிக் காலம். நல்ல காசு புள்ள," என்று சிரித்தார்.

கல்யாணமான புதிதில், கரூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனபோது ஆரம்பித்த பைத்தியம் அது. அமராவதிக் கரையில் மணல் சலிப்பவர்களிடம் மண் அப்பிய பழங்காசு ஒரு பிடி வாங்கினார். "தங்கக் காசுக்கு வக்கில்லாதவன் ஊட்டுக்கும் ராஜா வருவாரு பாரு," என்றார். குன்னூரில் நாளெல்லாம் பேக்கரி அடுப்படியில் நின்று வர்க்கி சுட்டுவிட்டு வந்து, கைக்குழந்தை ரேகாவுக்கு வாங்கிவைத்த ஆலிவ் எண்ணெயைக் காசுகளுக்கு ஊற்றினார். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், "இங்க வா புள்ள!" என்று கத்தினார். கோபத்தை மறந்து ஓடினாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், உதிர்ந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு முகம் பார்த்தது. அதற்கப்புறம் எத்தனையோ மழைக்காலம், எதிரெதிரே உட்கார்ந்து பல்குத்தும் குச்சியால் இருவரும் மண் சுரண்டினார்கள். கண் போன பின்னும், தலை எந்தப் பக்கமென்று அவர் விரலே சொல்லிவிடும்.

சிப்பாய்க் காசை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவள் டீ போட்டு எடுத்து வந்தபோது, அவர் உயிர் போயிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

மறுநாள் குளிப்பாட்டிக் கிடத்தியதும், "நெத்தியில வெக்க ஒரு ரூவாக் காசு குடுங்க," என்றார் லிங்கசாமியின் சித்தப்பா ஆறுக்குட்டி.

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ரேகா, ஜன்னல் கட்டையிலிருந்த காசை எடுத்தாள். "இதையே வெச்சரலாங்களாம்மா? அப்பா கடைசியாத் தொட்டதுன்னீங்களே." வெளிச்சத்தில் காட்டியவள் திகைத்தாள். "இதுல ஒண்ணுமே இல்லீங்களேம்மா?"

சுகந்தி அதை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு பக்கம் தடவினாள். திருப்பி மறுபக்கமும் தடவினாள். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. அவர் விரலுக்கும் தட்டுப்பட்டிருக்காது.

"கொடி ஒண்ணா, ரெண்டான்னு கேட்டாரு," என்றாள்.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. வெய்யி," என்று காசை மகளிடம் நீட்டினாள்.

சாயங்காலம் சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். ரேகா கொடுத்த டீ டம்ளரை வாங்கிக்கொண்டு சுகந்தி புறவாசலில் வந்து நின்றாள். எதிர்ச் சரிவில் தேயிலை எடுத்து முடித்த பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து ஏறிய பனிமூட்டம் அவர்களை ஒவ்வொருத்தராக மூடியது. கடைசி ஆளும் மறைந்த பிறகு, வீட்டுக்குள்ளே யாரோ எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.