நம்பர் இல்லாத டோக்கன்

...பெயரை வெட்டிவிட்டுத்தான் மேலே அனுப்புவார்களாம், வெட்டட்டும், நன்றாக வெட்டட்டும், ஆனால் 'கருவி அறையில் பகல் வேலை பார்ப்பவர்' என்று ஒரு வரி எழுதினாலே போதுமே, விமானங்களைப் பழுது பார்க்கும் இந்த ஹேங்கரில் அப்படி இருக்கிற ஒரே ஆள் அவள்தானே, பிறகு எதற்கு அந்த வெட்டுகிற சிரமம்... கம்ப்யூட்டர் திரையில் படிவம் திறந்தே கிடந்தது. 'நீங்கள் கண்ட ஆபத்தை விவரிக்கவும். உங்கள் அடையாளம் காக்கப்படும்.' சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம். மூன்று முறை அடித்து மூன்று முறையும் அழித்துவிட்டாள். 'ஒரு ஊழியர்' என்று தொடங்கினால் யார் வீட்டுக் கதையையோ சொல்வது மாதிரி இருக்கிறது, 'நான்' என்று தொடங்கினால் தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற மாதிரி இருக்கிறது... போன தடவையும் இப்படித்தான் நம்பி எழுதினாள், ஏணிப்படியில் எண்ணெய் வழிகிறது என்று, வெறும் எண்ணெய், அதற்கே காலைக் கூட்டத்தில் ஷிப்ட் தலைவர் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு, "நம்மள்ல யாரோ பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில பரிசு வாங்கியிருப்பாங்க போலிருக்கு" என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், சிரித்த அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஏணிப்படியை இன்றுவரை யாரும் துடைக்கவில்லை.

எதிரே சுவரில் கருவிப் பலகை. யார் எதை எடுத்தாலும் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை அது தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் எது யார் கையில் என்று தெரியும், எல்லாம் திரும்பி வந்ததை எண்ணிப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானத்தை வெளியே விடுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பரே இல்லாத ஒரு டோக்கனும் இருக்கிறதே, தன்னுடையதை வீட்டில் மறந்துவிட்டு வருகிற மகராசன்களுக்காக, அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வேறு, ஒரு வேலையும் செய்யாமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்குமாம்! நேற்றுச் சாயங்காலம் சின்ன டார்ச்சின் ஆணியில் மாப்பிள்ளைதான் தொங்கிக்கொண்டிருந்தது. யார் எடுத்தது? எல்லோரும் கையை விரித்தார்கள். இஞ்சின் மூடியைப் பூட்டியாயிற்று, பயணிகள் காத்திருக்கிறார்கள், ஷிப்ட் தலைவர் அவள் மேஜையை விரலால் தட்டிக்கொண்டே, "எங்கயும் போயிருக்காதும்மா, எல்லாம் வந்தாச்சுன்னு எழுதிடுங்க, காலையில பாத்துக்கலாம்" என்றார். எழுதிவிட்டாள். பதினோரு வருடமாக ஒரு ஸ்பேனருக்காக ஆளை நிற்க வைத்துச் சண்டை போட்டவள், வாயை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டாள்! அந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது என்று தெரிகிறவரை வீட்டுக்குக் கிளம்பாமல் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் மெக்கானிக் நெட்டையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அக்கா, என் பையிலயே கிடந்திருக்குக்கா, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில... கவனிக்கவே இல்ல." நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டாமா? போன உயிர் திரும்பி வந்ததில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால், "அதான் கிடைச்சிடுச்சில்ல, உனக்கேன் இந்த வம்பு?" என்கிறார். கிடைத்ததுதான். டப்பாவுக்கு அடியில் கிடைத்தது, இஞ்சினுக்குள் கிடந்திருந்தால் இவர் இப்படிக் கொட்டாவி விட்டுக்கொண்டு பேசுவாரா? நாளைக்கும் எவனாவது டோக்கனை மறந்துவிட்டு வருவான், நாளைக்கும் மேஜையைத் தட்டுவார்கள்... அந்த ஆத்திரத்திலேயே மடமடவென்று அடித்தாள், டார்ச், மாப்பிள்ளை, பூட்டிய மூடி, தன் கையெழுத்து, 'நான்', 'நான்', 'நான்'... வேலை போனால் போகட்டும், போய்த்தான் பார்க்கட்டுமே.

கடைசிக் கட்டம். 'இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது?' இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஷிப்ட் தலைவர் கொடுக்கிற இடம்தான், அவர் வந்த பிறகுதான் எல்லாமே... விரல் நின்றது. அவர் வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், டோக்கனை மறந்துவிட்டுக் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்களை விரட்டி விரட்டி அலுத்துப்போய், ஒரு மத்தியானம் அவளே டப்பாவிலிருந்து நம்பர் அடிக்காத பித்தளை வில்லை ஒன்றை எடுத்துத் துளை போட்டு, வளையம் கோத்து, பலகையில் மாட்டினாள். "அக்கா மாதிரி வருமா!" என்றார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு இருந்தவர்களில் யாரும் இப்போது இங்கே இல்லை, அவள் சொன்னால்தான் உண்டு. கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, விரும்பினால் மட்டும் நிரப்பவும் என்று. அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.