வாயு அறையின் பெயர்க்கல்

உலகக் கப்பல் வரலாற்றில் தீயணைப்பு வாயு அறைக்குத் திறப்பு விழா எடுத்த பெருமை கல்முனைக்கே உரியது. ஆள் சும்மா நுழையவே கூடாத அறை அது என்பதை மேடையில் எவரும் சொல்லவில்லை.

அப்துல் ஹமீட் ஹாஜியார் வாங்கிய பழைய சரக்குக் கப்பலில் றிபாத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி வீட்டில் சும்மா இருந்தவனுக்கு இதுதான் முதல் மரியாதை. கப்பல் போனால்தான் வேலை நிலைக்கும். பரிசோதகர் செல்லத்தம்பி கையெழுத்து வைத்தால்தான் கப்பல் போகும்.

செல்லத்தம்பி அறை வாசலில் நின்றார். உள்ளே காபனீரொட்சைட்டுச் சிலிண்டர்கள். வெளிச்சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கல்.

"இதென்ன தம்பி, புதைகுழிக்கு வைக்கிற மீஸான் கல்லா?"

"திறப்பு விழாக் கல், சேர்."

பிரதம அதிதியான அமைச்சர், கௌரவ அதிதி, விசேட அதிதி, பள்ளித் தலைவர், ஹாஜியாரின் மச்சான்மார் என்று பெயர்கள் கூடக் கூடக் கல்லும் நீண்டு, அறைக் காற்றை வெளியே தள்ளும் அடித்துவாரத்தை மூடிவிட்டது.

"ஒழுகிற வாயு கனம், நிலத்திலதான் தேங்கும். இந்த ஓட்டைய அடைச்சா உள்ளுக்குப் போறவன் திரும்பி வரமாட்டான். துவாரத்தத் திறந்துபோட்டுக் கூப்பிடுங்க" என்றுவிட்டுச் செல்லத்தம்பி தேத்தண்ணி குடிக்கப் போனார்.

விழாவுக்கு மறுநாளிலிருந்து றிபாத் தொண்டை கிழியக் கத்தியதும் இதைத்தான். ஹாஜியாரிடம் ஓடினான்.

"ஹாஜியார், கல்லக் கழட்டோணும்."

"விசராடா உனக்கு? அமைச்சர்ர பேர் கிடக்கு."

"உள்ளுக்கு ஒராள் மௌத்தாகினா?"

"கதவுல எழுதித்தானே இருக்கு, போகக்கூடாதெண்டு!"

"சிலிண்டரப் பார்க்கப் போகத்தானே வேணும்? முதல்ல காத்தாடியப் போடணும், வெளியால ஒராள் காவல் நிக்கணும். ஓட்டை அடைச்சிக் கிடந்தா காத்தாடி என்னத்தத் தள்ளுற?"

ஹாஜியார் வந்து கல்லை மேலிருந்து படித்தார். "அமைச்சர வெட்டேலா. பள்ளித் தலைவர வெட்டினா ஜும்ஆவுக்குப் போகேலா. மச்சான வெட்டினா வீட்டுக்கே போகேலா." திடீரென்று முகம் மலர்ந்தது. "ஓட்டை அடியிலதானே? ஆக அடியில ஆர்ர பேர்?"

கல் வெட்டுகிறவனுக்கு றிபாத்தே போன் எடுத்தான்.

கல் வெட்டும் மெஷின் வந்தது. அடித்துண்டு விழுந்தது. காத்தாடி இரைந்து காற்றைத் தள்ளியது. செல்லத்தம்பி துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விழுந்த துண்டில் 'பாதுகாப்பு அதிகாரி: எம். றிபாத்' என்றிருந்தது. விழா நாளன்று அந்த வரிக்குப் பக்கத்தில் குந்தி, சிரித்தபடி அவன் எடுத்த செல்ஃபிதான் மாமியின் வாட்ஸ்அப் முகப்பில் இருந்தது.